ஆதிரை முதல் ஆர் ரெட்டிக்குலி வரை: விண்மீன் வகைப்பெயர்களின் வரலாறும் தமிழ்க் கலைச்சொல்லும்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் நான் குடியிருக்கும் அறையிலிருந்து தேவராஜ மார்க்கெட்டுக்கு நடை தூரம்தான். அங்கே பூ விற்கும் வரிசையில் நின்று பேச்சைக் கேட்பது மொழியியல் படித்த எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரே மல்லிகையைப் பற்றி மூன்று விதமாகப் பேசுவார்கள். 'மைசூரு மல்லிகை' என்பது பெயர். 'இரண்டு முழம்' என்பது அளவு. மொட்டா, அவிழ்ந்ததா என்பது நிலை. பெயர் அளவைச் சொல்லாது. அளவு நிலையைச் சொல்லாது. மூன்றும் சேர்ந்தால்தான் விலை படியும்.

வானியலார் விண்மீன்களை விவரிக்கும் முறையிலும் இந்த மூன்று அடுக்குகள் உண்டு. முதலில் பெயர், பிறகு எண், அதன்பின் வகை. இவை ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு நூற்றாண்டின் கருவியாலும் கருத்தாலும் உருவானது. கருவியும் கருத்தும் மாறியபோது விளக்கம் மாறிற்று. சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இன்று நாம் தமிழில் மொழிபெயர்க்கும் விண்மீன் சொற்கள் பலவற்றுக்குள் கைவிடப்பட்ட கோட்பாடுகள் உறங்குகின்றன. இந்த வரலாற்றில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அதன் வழியாகவே இதைச் சொல்ல விரும்புகிறேன்.

1. பெயர்

தமிழில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய விண்மீன் வகைப்பாடு 'நாள்மீன்', 'கோள்மீன்' என்பது. பட்டினப்பாலையில் இவ்விரு சொற்களும் அருகருகே வருகின்றன. ஒன்றையொன்று விட்டு விலகாமல் ஒரே அமைப்பில் நிற்பவை நாள்மீன்கள். அவற்றினூடே இடம் மாறிச் செல்பவை கோள்மீன்கள். அசைவே வகைப்பாட்டின் அளவுகோல். வெறுங்கண்ணும் பல இரவுகளின் பொறுமையும் மட்டுமே கருவிகளாக இருந்த காலத்தில் இதைவிடக் கூரிய பிரிப்பு இயலாது. நாள்மீன்களில் இருபத்தேழு, நிலவின் பாதையை அளக்கும் மைல்கற்களாகித் தனிப்பெயர் பெற்றன.

அப்பெயர்கள் விண்மீனின் இயல்பைக் கூறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதிரை என்று நாம் அடையாளம் காணும் விண்மீன், ஆயுளின் இறுதிப் பகுதியிலுள்ள ஒரு செம்பெருமீன். சித்திரை மிக வெப்பமான நீலமீன். கார்த்திகை ஒரு விண்மீனே அன்று. அது ஒரு கூட்டம். பெயர் நிலையில் மூன்றும் சமம். இதைக் குறை என்று கருதுவது தவறு. அந்தப் பெயர்களின் பணி காலத்தைக் கணக்கிடுவது. அதை அவை செம்மையாகவே செய்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு கிழமையும் நாள்மீனும் குறிக்கப்பட்டிருப்பதால்தான் இன்றும் பலவற்றுக்கு ஆங்கில நாளைக் கணக்கிட முடிகிறது. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இதே மைசூருவில் இருக்கிறது. நாள்மீன் பெயர்கள் அங்கே இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

2. எண்

விண்மீனின் ஒளியை எண்ணால் குறிக்கும் வழக்கம் கிரேக்க மரபிலிருந்து வந்தது. தாலமியின் நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் ஆறு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மிக ஒளியானவை முதற்படி. கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் படி. இந்தப் படிக்கு இலத்தீனில் வழங்கிய சொல்லின் நேர்ப்பொருள் 'பருமை'. ஒளிமிக்க மீன் பெரிய மீன் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. அது பிழை. ஒளி மிகுதியாகத் தெரிவதற்கு அருகாமை, வெப்பம், பருமை என மூன்று காரணங்கள் இருக்கலாம். ஐரோப்பிய மொழிகள் அச்சொல்லை இன்றும் விடவில்லை. தமிழில் அதைப் 'பருமன்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஒரு பழைய பிழையையும் சேர்த்தே பெயர்த்தவர்களாவோம். 'ஒளியெண்' என்றால் அந்தப் பிழை நம்மோடு வராது.

தொலைநோக்கி வந்தபின் ஆறு படிகள் போதவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொரு வானியலாரும் தமக்குத் தோன்றியவாறு நீட்டினர். ஒருவரது பத்தாம் படி மற்றொருவரது பன்னிரண்டாம் படியாயிற்று. 1856இல் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய நார்மன் போக்சன் இதற்கு ஒரு விதி முன்மொழிந்தார். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளி 100 மடங்கு வேறுபாடு. ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. கண்ணின் மதிப்பீடு கணித அளவாக மாறியது இங்கேதான். அந்த விதிதான் இன்றும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது.

அதே போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று வந்தார். 1891இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். வந்த ஆண்டிலேயே ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஏசியா' என்று பெயரிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சிறுகோள் அது. அவர் வருமுன்பே சென்னைக்கு ஒரு மரபு இருந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட அந்த வானாய்வகத்தில், டி. ஜி. டெய்லர் 1830 முதல் அளந்து 1844இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 விண்மீன்களின் இருப்பிடங்கள் உள்ளன. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் இலத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. புதிய வானியல் இங்கு வந்து இறங்கியபோதே தமிழ் எழுத்தில் தன்னைக் குறித்துக்கொண்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

3. சிந்தாமணி ரகுநாதாச்சாரி

அந்த வானாய்வகத்தின் அன்றாட வேலை, மெரிடியன் வட்டம் எனப்பட்ட கருவியால் விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் நேரத்தையும் உயரத்தையும் குறிப்பது. இரவுதோறும், ஆண்டுக்கணக்கில், ஒரே மாதிரியான வேலை. இதைச் செய்தவர்களுள் தலைமை உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் அவர் தென்வானிலுள்ள ஒரு விண்மீனின் ஒளி மாறுபடுவதைக் கண்டறிந்தார். புதிய வானியல் முறையில் இந்தியர் ஒருவர் கண்டறிந்த முதல் மாறொளி மீன் என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர்.

கண்டுபிடிப்பின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மாறும் மீனை ஓர் இரவில் கண்டுபிடிக்க இயலாது. ஒரே மீனைப் பல முறை பார்த்து, முன்பு எழுதிவைத்த எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு, இது தன் கண்ணின் பிழையன்று, முன்னவர் பதிவின் பிழையுமன்று, மீனே மாறியிருக்கிறது என்று துணிய வேண்டும். எண் என்ற விவரிப்பு முறை இல்லாவிட்டால் அந்தத் துணிவுக்கு இடமே இல்லை. அந்த விண்மீன் ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகிறது. உச்சத்தில் அதன் ஒளியெண் ஏழை ஒட்டி இருக்கும். மங்கும்போது பதினான்கை நெருங்கும். ஏழு படி என்றால், போக்சன் விதிப்படி, 600 மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு.

அதன் பெயர் ஆர் ரெட்டிக்குலி. இந்தப் பெயரையும் பிரித்துப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் தென்வானை அளந்த பிரெஞ்சு வானியலார் லக்காய், தம் தொலைநோக்கியின் கண்ணருகில் இருந்த குறுக்கிழை வலையின் நினைவாக ஒரு சிறு விண்மீன் குழுவுக்கு இட்ட பெயர் ரெட்டிக்குலம். 'ஆர்' என்பதற்குக் கதை வேறு. பழைய விண்மீன் படங்களில் க்யூ வரையுள்ள எழுத்துகள் பிற மீன்களுக்குச் செலவாகியிருந்தன. ஆகவே ஜெர்மானிய வானியலார் ஆர்கெலாண்டர், மாறொளி மீன்களுக்கு ஆர் முதல் இசட் வரையிலான ஒன்பது எழுத்துகளை ஒதுக்கினார். ஒரு குழுவில் ஒன்பது மீன்களுக்கு மேல் மாறும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒன்பது தீர்ந்ததும் இரட்டை எழுத்துகள் வந்தன. அவையும் 334ஆவது மீனோடு தீர்ந்தன. இப்போது 'வி335' என எண் தொடர்கிறது. ஆக, 'ஆர் ரெட்டிக்குலி' என்றால் 'குறுக்கிழை வலைக் குழுவில் முதலில் அறியப்பட்ட மாறொளி மீன்' என்று பொருள். மீனின் இயல்பும் அதில் இல்லை. கண்டவரின் பெயரும் இல்லை. எழுத்துப் பற்றாக்குறையின் வரலாறு மட்டும் இருக்கிறது.

ரகுநாதாச்சாரி 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடக்கவிருந்ததை மக்களுக்கு விளக்க ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்திலும் கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் வெளிவந்தது. அதற்கு அவர் தேர்ந்த வடமொழித் தலைப்பு 'சுக்ரக்ரஸ்த சூரியகிரகணம்'. வெள்ளியால் பற்றப்பட்ட சூரியனின் கிரகணம் என்று பொருள். புதிய நிகழ்வுக்குப் புதிய சொல்லைத் திணிக்காமல், பஞ்சாங்கம் அறிந்த எவருக்கும் தெரிந்த 'கிரகணம்' என்ற வகைக்குள் அதைக் கொண்டுவந்து, எதனால் மறைப்பு நேர்கிறது என்பதை அடைமொழியால் வேறுபடுத்தினார். சொல்லாக்கத்தில் இது நல்ல பாடம். அவர் செய்தது பொருளின் இயக்கத்தைப் பார்த்துப் பெயரிடுதல். அயற்சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்தல் அன்று.

4. எழுத்து

எண் ஒளியின் அளவைச் சொன்னது. ஒளி எதனால் ஆனது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னது நிறமாலை. 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரியமறைப்பின்போது ஆந்திரக் கரையில் பல குழுக்கள் காத்திருந்தன: ஜான்சன் குண்டூரில், போக்சன் மசூலிப்பட்டினத்தில். ரகுநாதாச்சாரி தெலங்கானப் பகுதியிலுள்ள வனபர்த்தியில் இருந்தார். அந்தக் காலத்தில் சூரியனின் விளிம்பொளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, புவியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதற்குரிய தனிமத்துக்கு லாக்யர் 'ஹீலியம்' என்று பெயரிட்டார். '-இயம்' என்ற இறுதி, உலோகங்களுக்குரியது. அவர் அதை உலோகமென எண்ணினார். அது வாயு என்று தெரிந்தபின்னும் ஈறு மாறவில்லை. தமிழில் 'பரிதியம்' என்று ஆக்கியபோது பகுதியை அழகாகத் தமிழாக்கினோம். பிழையான ஈற்றின் ஓசையும் கூடவே வந்துவிட்டது.

ஹார்வர்டு வானாய்வகத்தில் 1890இல் வில்லியமினா ஃபிளெமிங், ஹைட்ரஜன் கோட்டின் வலிமையை அடிப்படையாகக் கொண்டு விண்மீன்களை ஏ, பி, சி என்று வரிசைப்படுத்தினார். பின்னர் ஆனி ஜம்ப் கேனன் சில எழுத்துகளை நீக்கி, எஞ்சியவற்றை இடம் மாற்றி, 1901இல் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசையை அமைத்தார். 1918 முதல் 1924 வரை வெளிவந்த பட்டியலில் அவர் வகைப்படுத்திய விண்மீன்கள் 2,25,300. எழுத்து வரிசை ஏன் குலைந்திருக்கிறது என்று இன்று கேட்கும் மாணவருக்கு விடை இதுதான்: பழைய அளவுகோலின் எழுத்துகளைப் புதிய அளவுகோலுக்கு அப்படியே பயன்படுத்தினார்கள்.

கேனனின் வரிசை ஏன் சரி என்பதை விளக்கியவர் மேகநாத சாகா. 1920இல் வெளிவந்த அவரது அயனியாக்கச் சமன்பாடு, ஒரு கோடு வலுவாகத் தெரிவதற்கு அந்தத் தனிமம் மிகுதியாக இருப்பது மட்டும் காரணமன்று, வெப்பநிலையே முதன்மைக் காரணம் என்று காட்டிற்று. ஹைட்ரஜன் கோடு ஏறத்தாழ 10,000 கெல்வின் அளவில் உச்சம் பெறுகிறது. அதுவே ஏ வகை. அதைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் கோடு மெலிகிறது. ஓ வகையில் 30,000 கெல்வினுக்கு மேல். எம் வகையில் சுமார் 3,000 கெல்வின். சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு சிசிலியா பெய்ன் 1925இல், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். அக்கால அறிஞர்கள் ஏற்கத் தயங்கியதால், அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. சில ஆண்டுகளில் அதுவே நிலைபெற்றது. முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் எவருக்கும் இந்தச் செய்தி சற்று வலிக்கும்.

5. பிழை தங்கிய சொற்கள்

இனித் தமிழின் நிலைக்கு வருகிறேன். வானியலில் ஓ, பி வகைகளை 'முந்தியவை' என்றும் கே, எம் வகைகளைப் 'பிந்தியவை' என்றும் அழைப்பது இன்றும் வழக்கம். விண்மீன் வெப்பமாகப் பிறந்து படிப்படியாகக் குளிர்ந்து முதுமையடைகிறது என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்தின் எச்சம் இது. அக்கருத்து கைவிடப்பட்டு நெடுங்காலமாகிறது. ஓ வகை மீன் எம் வகையாக முதிர்வதற்காகக் காத்திருக்கவில்லை. சில மில்லியன் ஆண்டுகளில் எரிந்து முடிகிறது. இச்சொற்களை நேராகப் பெயர்த்தால் மாணவர் அவற்றை வயதாகவே படிப்பார். 'வெம்மை வகை', 'தண்மை வகை' என்றால் குழப்பமில்லை.

'குறுமீன்' என்ற சொல் எனக்கு நேர்ந்த அனுபவம். பள்ளி நாள்களில் சூரியன் ஒரு குறுமீன் என்று படித்தபோது, அது விண்மீன்களுள் சிறியது, மங்கலானது என்றே எண்ணினேன். வகுப்பில் அப்படியே சொல்லியும் வைத்தேன். உண்மையில் பால்வழியின் பெரும்பாலான விண்மீன்களைவிடச் சூரியன் ஒளிமிக்கது. ஹெர்ட்ஸ்பிரங்கும் ரஸ்ஸலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரே நிறமுடைய மீன்களுள் பேரொளி உடையவை, சிற்றொளி உடையவை என இரு பிரிவு இருப்பதைக் கண்டனர். அந்த இரண்டாம் பிரிவுக்கு வழங்கிய 'குறு' என்ற அடை, இராட்சத மீன்களோடு ஒப்பிட்டது மட்டுமே. மையத்தில் ஹைட்ரஜனை எரித்து நிலையாக இருக்கும் எல்லா மீனுக்கும் அது பொது. வெண்குறுமீனோ முற்றிலும் வேறு: எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சிய கரு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கடல்வழி இங்கிலாந்து சென்ற சந்திரசேகர், அக்கருவின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். சூரிய நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்கிறோம். வாழும் மீனுக்கும் வாழ்ந்து முடிந்த மீனின் எச்சத்துக்கும் ஒரே 'குறுமீன்' என்ற சொல் போதாது. முதலாவதை 'முதன்மை வரிசை மீன்' என்றும் இரண்டாவதை 'வெண்கரு எச்சம்' என்றும் வேறுபடுத்தலாம் என்பது என் கருத்து.

இன்னும் இரண்டு. சிறு தொலைநோக்கியில் கோளின் வட்டம் போலத் தெரிந்ததால் 'கோள்' என்ற அடை பெற்ற வளிமுகில்களுக்கும் கோள்களுக்கும் தொடர்பே இல்லை. அவை முதிர்ந்த மீன் உதிர்த்த போர்வைகள். 'புதுமீன்' என்ற பொருளுடைய 'நோவா' புதிதாகப் பிறந்ததன்று. முன்பு தெரியாதிருந்த பழைய மீனின் மேற்பரப்பு வெடிப்பு. பின்னதற்கு 'வெடிமீன்' என்ற தமிழ்ச்சொல் மூலச்சொல்லைவிடச் சரியானது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக அமைய முடியும் என்பதற்கு அது சான்று.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ள முடியாது. உலக ஆய்விதழ்கள் பழைய சொற்களையே ஆள்கின்றன. தமிழில் வேறு அமைப்பில் கற்ற மாணவர் அங்கே செல்லும்போது தடுமாறுவாரே என்பது அந்த மறுப்பு. என் விடை: தடுமாற்றத்தை நீக்குவது சொல்லின் வரலாற்றைக் கற்பிப்பதே. மூலச்சொல் எந்தக் கருத்தில் பிறந்தது, அது ஏன் கைவிடப்பட்டது, தமிழ்ச்சொல் எதைப் பார்த்து ஆக்கப்பட்டது என்று மூன்று வரிகள் கலைச்சொல் அகராதியில் சேர்ந்தால், மாணவர் இரு மொழியிலும் தெளிவோடு நிற்பார். நம் அகராதிகளில் பெரும்பாலும் இருப்பது சொல்லுக்கு எதிரே சொல் மட்டுமே.

சனவரி மாத முன்னிரவில் மைசூருவின் தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்தில் ரெட்டிக்குலம் கடந்து செல்கிறது. தெருவிளக்குகளுக்கு இடையே அது தெரிவதில்லை. இன்றைய விவரிப்பில் ரகுநாதாச்சாரியின் விண்மீன், எம் வகையைச் சேர்ந்த, ஒன்பது மாதச் சுழற்சியில் விம்மிச் சுருங்கும் ஒரு முதிய செம்மீன். பெயர் 'ஆர்' என்பதோடு நின்றுவிட்டது. எண்ணும் வகையும் பின்வந்தோர் சேர்த்தவை. ஆனால் அந்த எண் மாறுகிறது என்று முதலில் துணிந்து சொன்னவர், நுங்கம்பாக்கத்தில் தமிழ் பொறித்த தூணின் அருகே இரவுகளைக் கழித்த ஒரு தலைமை உதவியாளர். அடுத்த கலைச்சொல்லை ஆக்க உட்காரும்போது நமக்கு வேண்டியதும் அவர் கடைப்பிடித்த அந்த ஒழுங்குதான்: முன்னவர் எழுதியதை எடுத்துவைத்து, மீனை மறுபடியும் பார்த்து, மாறியிருந்தால் மாற்றி எழுதுவது.